விடைத்தாள் திருத்திய பிறகு

ஆசிரியர் வேலை என்றாலே பாதி நாள் வேலை என்று நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். "மணி அடிச்சா வீடு. வருஷத்துக்கு ஒரு நீண்ட லீவு வேற. உங்களுக்கென்ன?" என்பவர்களிடம் முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஓஇசிடி என்கிற பொருளாதாரக் கூட்டமைப்பு 2013-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆசிரியர்களிடம் ஒரு பெரிய ஆய்வு எடுத்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 38 மணி நேரம் வந்தது. அதில் வகுப்பில் நின்று பாடம் எடுப்பது 19 மணி நேரம்தான். பாடம் தயாரிக்க 7, திருத்த 5, மீதியெல்லாம் கூட்டம், பதிவேடு, பெற்றோரோடு பேச்சு. அதாவது ஊருக்குத் தெரிகிற வேலை பாதி. தெரியாத பாதி ஒரு பையில் ஏறி என்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வீட்டில் இரண்டு பேர்: எதற்கும் பதில் வைத்திருக்கிற வயதில் ஒரு பெண், எதற்கும் கேள்வி வைத்திருக்கிற வயதில் ஒரு பையன். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, மறுபக்கம் பையனின் வீட்டுப்பாடம், நடுவில் யாருடையது என்று தெரியாத ஒரு அழிரப்பர். திருத்தும்போது நான் முணுமுணுப்பேனாம். "குறி மாத்தலை, குறி மாத்தலை" என்று நான் புலம்புவதைக் கேட்டே பையன் சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போனால் குறி மாறும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். சமன்பாடு என்றால் என்னவென்று அவனுக்கு இன்னும் தெரியாது.

பள்ளியில் பேசிப் பழகிய குரல் வீட்டு வாசலில் கழன்றுவிடுவதில்லை. "சத்தம் இல்லாம எல்லாரும் உட்காருங்க" என்று இரண்டே பேர் இருக்கிற அறையில் சொல்லியிருக்கிறேன். பெண் ஒருநாள் நிதானமாகக் கேட்டாள்: "அம்மா, இது வீடு. பேசணும்னா கையைத் தூக்கணுமா?"

இப்படிப்பட்ட வாழ்க்கையில் பொழுதுபோக்குக்கு இடம் எங்கே என்று கேட்டால், இடம் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. ஏழு நிமிடம் ஒன்று, பன்னிரண்டு நிமிடம் ஒன்று, எல்லாரும் தூங்கிய பிறகு அரை மணி ஒன்று. அதனால் ஒரு பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று நான் பார்ப்பதில்லை. நடுவில் "அம்மா!" என்று ஒரு குரல் வந்தால் அது என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நல்ல பொழுதுபோக்குகள் பலவும் அடிபட்டுப் போகின்றன. நீர்வண்ண ஓவியத்தில் ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணம் போயாக வேண்டும். பத்து நிமிடம் கழித்து வந்தால் விளிம்பில் கறை கட்டி நிற்கும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் காயாது, காத்திருக்கும், ஆனால் சின்னப் பிள்ளையின் கை அதுவரை காத்திருக்காது. வாத்தியம் என்றால் சுருதி சேர்த்துக் கை சூடாவதற்கே என் அரை மணி போய்விடும். அப்புறம் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். பெரிய படப்புதிர் அடுக்கலாம் என்றால் அதற்கு ஒரு மேசை வேண்டும், எங்கள் வீட்டு மேசையின் நிலவரத்தை மேலே சொல்லிவிட்டேன். பின்னல் பரவாயில்லை. வரிசை முடிவில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் துளை வேலைப்பாடு உள்ள வடிவம் என்றால் வரிசை நடுவில் கூப்பிட்டார்களோ, எண்ணிக்கை போச்சு. நாவல் படிப்பது எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். அதை நான் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அது பல் தேய்ப்பது வகையறா.

கடைசியில் எனக்கு வாய்த்தது, ஒளி மாறும் விண்மீன்களைப் பார்ப்பது.

வானத்தில் எல்லா விண்மீனும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதில்லை. சில விண்மீன்கள் வீங்கிச் சுருங்குகின்றன. சில ஜோடியாகச் சுற்றும்போது ஒன்றையொன்று மறைக்கின்றன. சில எந்தக் காரணமும் சொல்லாமல் மங்கிப் பிரகாசிக்கின்றன. இவற்றை இரவுதோறும் பார்த்து, இன்று எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு எண் எழுதுவதுதான் வேலை. தொலைநோக்கி வேண்டாம். பிரகாசமானவற்றுக்கு வெறுங்கண் போதும், மற்றவற்றுக்கு ஒரு சாதாரண இருகண் நோக்கி. ஒரு விண்மீனுக்கு ஐந்து நிமிடம். நடுவில் கூப்பிட்டால் போய்விட்டு வரலாம், அது அங்கேயேதான் இருக்கும். மேகம் வந்தால் விடுமுறை, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முறை எளிது. மாறும் விண்மீனுக்குப் பக்கத்தில் மாறாத விண்மீன்கள் இரண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஒன்று அதைவிடக் கொஞ்சம் பிரகாசமானது, இன்னொன்று கொஞ்சம் மங்கலானது. இரண்டின் எண்ணும் விண்மீன் வரைபடத்தில் போட்டிருக்கும். நம்முடையது நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். 2.1-க்கும் 2.9-க்கும் நடுவில், 2.9 பக்கம் கொஞ்சம் சாய்ந்து, சரி, 2.6. பழகிய கண்ணுக்கு 0.1 வரை வித்தியாசம் பிடிபடும் என்கிறார்கள்.

பகல் முழுக்க மதிப்பெண் போடுகிறவள் இரவிலும் மதிப்பெண் போடப் போய் நிற்கிறாளே என்று கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் இங்கே மறுகூட்டல் கேட்டு யாரும் வருவதில்லை. அதோடு இந்த மதிப்பெண் தலைகீழ்: எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம், வகுப்பில் முதல் ரேங்க் என்பது போல. பழங்கால கிரேக்கர்கள் பிரகாசமானவற்றை முதல் தரம் என்றும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பவற்றை ஆறாம் தரம் என்றும் வைத்ததன் தொடர்ச்சி இது. 1856-இல் நார்மன் போக்சன் என்பவர் இதைக் கணக்காக்கினார். ஐந்து தரம் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக 100 மடங்கு. அப்படியானால் ஒரு தரத்துக்கு 100-இன் ஐந்தாம் மூலம், ஏறத்தாழ 2.512 மடங்கு. அவரே பிறகு 1861-இல் மெட்ராஸ் வான் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். அங்கே அவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நேற்று என்ன எழுதினோம் என்று இன்று பார்ப்பதற்கு முன் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் நேற்றைய எண்ணைத்தான் பார்க்கும், விண்மீனைப் பார்க்காது. விடைத்தாளில் பெயரை மடித்துவிட்டுத் திருத்துகிற எந்த ஆசிரியருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. போன தேர்வில் தொண்ணூறு வாங்கியவனின் அரைகுறை விடைக்கு நம் பேனா தானாகவே ஒரு மதிப்பெண் கூடப் போடும்.

சிவப்பு விண்மீன்களுக்கு இன்னொரு விதி: உற்றுப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்கச் சிவப்பின் வெளிச்சம் கண்ணில் கூடிக்கொண்டே போவதுபோல் தோன்றும். சட்டென்று ஒரு பார்வை, உடனே எடுத்துவிட வேண்டும்.

எழுதி வைப்பதிலும் ஒரு சௌகரியம். வானியலில் தேதியை ஜூலியன் நாள் என்று ஒரே தொடர் எண்ணாக எழுதுவார்கள். அந்த எண் நள்ளிரவில் மாறாது, கிரீன்விச்சின் நண்பகலில் மாறும். ஐரோப்பாவில் இருப்பவருக்கு ஓர் இரவு முழுக்க ஒரே எண்ணில் அடங்கிவிடும். பத்து மணிக்கு ஒரு பார்வை, பையன் தண்ணீர் கேட்டு எழுப்பிவிட்ட ஒரு மணிக்கு இன்னொரு பார்வை, தேதி மாறிவிட்டதா என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். தசமத்துக்குப் பின்னால் உள்ள எண் மட்டும் கொஞ்சம் நகரும்.

இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு வெள்ளை விளக்கு போட்டால் அத்தனையும் வீண். அதனால் குறிப்பெழுத மங்கிய சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வது வழக்கம். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. என் கைவிளக்கின் கண்ணாடிமேல் சிவப்புத் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். ஒருநாள் பையன் அதை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தலை மட்டும் வெளியே வந்தது. "அம்மா, நீ போட்ட மார்க்கெல்லாம் காணோம்."

திருத்திய தாளின் மேல் அந்த விளக்கைப் பிடித்திருந்தான். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு, சிவப்பு மையும் சிவப்பு. நான் இழுத்த கோடு, வட்டம், கழித்த அரை மதிப்பெண் ஒன்றையும் காணோம். மாணவனின் நீல மை மட்டும் கறுத்துத் தெளிவாக நின்றது. ஒரு பிழையும் இல்லாத விடைத்தாள்.

அந்த நேரத்தில் என் வாய்வரை ஒரு பாடமே வந்துவிட்டது. ஒளி எதிரொளிப்பு, எந்தப் பொருள் எந்த நிறத்தை உறிஞ்சும், நீலம் ஏன் கறுப்பாகத் தெரிகிறது, எல்லாம். கரும்பலகை ஒன்றுதான் குறை. நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா, காட்டு" என்றேன். அவனும் காட்டினான். அதற்கப்புறம் ஒரு வாரம் வீடு முழுக்க ரகசியக் கடிதங்கள். நீலப் பென்சிலால் விஷயத்தை எழுதி, அதன்மேல் சிவப்புப் பென்சிலால் கண்டபடி கிறுக்கி மறைத்து, விளக்கோடு சேர்த்துத் தருவான். அக்காவுக்கு எழுதிய ஒன்றில் "நீ என் ஸ்கேலை எடுத்தது எனக்குத் தெரியும்" என்று இருந்தது. சிவப்பை மேலே கிறுக்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். நான் விளக்கியிருந்தால் அந்தக் கடிதங்கள் வந்திருக்காது என்பது என் துணிபு. ஆசிரியரின் பிள்ளைகளுக்கு விளக்கம் கேட்காமலேயே கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காதது, விளக்கம் வராத ஒரு அரை மணி நேரம்.

இதே காரணத்துக்காகத்தான் இதைப் பள்ளிக்குள் கொண்டுபோக மறுக்கிறேன். ஒரு ஆசிரியருக்குப் பொழுதுபோக்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றேதான்: "பசங்களுக்கு ஒரு கிளப் ஆரம்பிக்கலாமே?" நல்லெண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் கிளப் என்றால் பெயர்ப்பட்டியல், பெற்றோர் கையெழுத்து, ஆண்டறிக்கைக்கு இரண்டு புகைப்படம். வங்கியில் வேலை பார்க்கிறவர் மீன் வளர்த்தால் வங்கிக்குள் ஒரு தொட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆசிரியரிடம் மட்டும் எல்லாமே மாணவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பு. என்னைக் கேட்டால், வகுப்புக்கு வெளியே தனக்கு மட்டும் சொந்தமான ஒரு ஆர்வம் இருக்கிற ஆசிரியர் வகுப்பில் எரிந்து விழுவது குறைவு. அதுவே போதுமான பயன். (கிளப் நடத்துகிற ஆசிரியர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் தூங்குகிறார்களா என்று மட்டும் சந்தேகம்.)

பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலைகளின் வரலாறு எனக்கு ஒரு தனிப் பைத்தியம். அதில் என் நாயகன் ஹெர்மான் கிராஸ்மான். 1809-இல் ஸ்டெட்டின் நகரில் பிறந்தவர். இன்றைக்கு அது போலந்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பள்ளி ஆசிரியர். 1844-இல் ஒரு கணித நூல் எழுதினார். இன்று கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் என்று படிப்பதன் பெரும்பகுதி அதில் கருவாக இருக்கிறது. யாரும் வாங்கவில்லை. விற்காமல் கிடந்த பிரதிகளில் சுமார் 600-ஐப் பதிப்பாளர் 1864-இல் கழிவுக் காகிதமாகப் போட்டுவிட்டார். பல்கலைக்கழக வேலை கேட்டார், கிடைக்கவில்லை. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. நிறங்கள் கலப்பதைப் பற்றி 1853-இல் எழுதிய விதிகள் இன்றும் அவர் பெயரில் இருக்கின்றன. சமஸ்கிருதம் படித்தார், 1873-இலிருந்து 1875-க்குள் ரிக்வேதத்துக்கு ஒரு முழு அகராதி வெளியிட்டார். கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் நடக்கும் ஓர் ஒலி மாற்றத்தை அவர் விளக்கிய விதி மொழியியலில் கிராஸ்மான் விதி. அவருக்குக் கிடைத்த கௌரவ டாக்டர் பட்டமும் இந்த மொழி வேலைக்காகத்தான் வந்தது. இத்தனைக்கும் நடுவில் பதினொரு பிள்ளைகள்.

இந்தப் பட்டியலைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "பதினொரு பேரையும் யார் குளிப்பாட்டினது?"

நியாயமான கேள்வி. அதிலிருந்து நான் இந்த வரலாற்றையே வேறு மாதிரி படிக்கிறேன். யோகான் பால்மர் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு எடுத்தவர். ஹைட்ரஜன் தரும் ஒளிக்கோடுகளின் எண்களுக்குள் ஒளிந்திருந்த சூத்திரத்தை 1885-இல், தன் அறுபதாவது வயதில் கண்டுபிடித்தார். 1913-இல் நீல்ஸ் போர் அணுவுக்கு ஒரு மாதிரி கட்டியபோது அந்தச் சூத்திரம்தான் கைகொடுத்தது. ஆறு பிள்ளைகள். வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரில் இசை வாசித்தும் இசை சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். 1781 மார்ச் 13-ஆம் தேதி வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டார். அவர் தொலைநோக்கிக்கான ஆடியைத் தேய்க்க உட்கார்ந்தால் கையை எடுக்க மாட்டார். ஒருமுறை பதினாறு மணி நேரம் அப்படியே தேய்த்தார் என்றும், உயிர் நிற்க வேண்டுமே என்று உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினேன் என்றும் தங்கை கரோலின் எழுதி வைத்திருக்கிறார்.

கரோலினும் வானம் பார்த்தவர்தான். எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். முதல் வால்மீனை 1786 ஆகஸ்ட் 1-ஆம் தேதி கண்டார். அப்போது அண்ணன் ஒரு தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டு வர ஜெர்மனிக்குப் போயிருந்தார். வீட்டில் யாருக்கும் ஊட்டிவிட வேண்டியிராத நாள்களில் அந்த வால்மீன் கிடைத்திருக்கிறது. இந்தத் தகவலை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வீட்டில் ஒருவருடைய ஓய்வு நேரம் என்பது பெரும்பாலும் இன்னொருவருடைய வேலை நேரம். எங்கள் வீட்டில் அதை வெளிப்படையாகவே பேரம் பேசுகிறோம். கணவருக்கு ஓட்டம். ஞாயிறு காலை அவர் நெடுந்தூரம் ஓடப் போனால் ஒன்றரை மணி நேரம், திரும்பி வந்து தரையில் கால் நீட்டிப் படுத்துக் கிடப்பது இன்னொரு அரை மணி. அந்த இரண்டு மணி நேரமும் வீடு என் பொறுப்பு. பதிலுக்கு, நான் விண்மீன் பார்க்கிற இரவில் பையனைத் தூங்க வைப்பது அவர். "என்னோடது இரண்டு மணி நேரம், உன்னோடது ஐந்து நிமிஷம், நான்தான் கடன்காரன்" என்று அவரே ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் பையனைத் தூங்க வைப்பதும் ஒன்றரை மணி நேர வேலைதான் என்று அனுபவத்தில் தெரிந்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

2019 கடைசியில் திருவாதிரை விண்மீன், அதாவது ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கிற அந்தச் சிவப்பு பெட்டல்ஜியூஸ், மங்க ஆரம்பித்தது. வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருப்பது. என் குறிப்பேட்டில் எண் ஏறிக்கொண்டே போனது. முதலில் ரோகிணி அளவுக்கு வந்தது, அதாவது 0.9. பிறகு அதற்கும் கீழே. 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6. எதிர்த் தோளில் இருக்கிற பெல்லாட்ரிக்ஸும் 1.6-தான். இரண்டு தோளும் ஒரே வெளிச்சத்தில் நின்றதைப் பார்க்கப் பெண்கூட வெளியே வந்தாள். வானத்தை நிமிர்ந்து பார்ப்பது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைப்பவள் அவள். "வெடிச்சிடுமா?" என்றாள். அப்போது உலகமே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வெடிக்கவில்லை. விண்மீனின் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்து, அது கக்கிய வாயு தூசியாக உறைந்து நம் பார்வைக்குக் குறுக்கே வந்தது என்று 2021-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

அது திரும்பப் பிரகாசமாகத் தொடங்கிய வாரங்களில்தான் பள்ளிகள் மூடின. அந்த வசந்தத்தில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. அவர்களில் இரண்டு பேர் என் மேசையில். நான் மடிக்கணினியில் முப்பது கறுப்புச் சதுரங்களைப் பார்த்து "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். சதுரங்கள் பதில் சொல்லாது, பக்கத்து நாற்காலியிலிருந்து என் பையன் "புரியலை" என்பான். அவனுக்கு எடுக்காத பாடம். சாயங்காலம் கணினியை மூடிவிட்டு வெளியே வந்தால் மேற்கே ஓரியன் சாய்ந்துகொண்டிருக்கும். 1.2. சில நாள் கழித்து 0.9. ஏப்ரலில் 0.5 பக்கம் வந்துவிட்டது. அப்புறம் சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்தது. அந்த மாதங்களில் நான் செய்த வேலைகளில் சரியாக நடந்ததா இல்லையா என்று உடனே தெரிந்தது அந்த ஓர் எண் மட்டும்தான். வகுப்பில் யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது மறு ஆண்டு தேர்வில்தான் தெரிந்தது. சேராதவர்களுக்குப் பின்னக் கணக்கிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

எண்களை நான் ஏஏவிஎஸ்ஓ என்கிற, ஒளி மாறும் விண்மீன்களைப் பார்ப்பவர்களின் அமைப்புக்கு அனுப்புகிறேன். 1911-இல் அமெரிக்காவில் தொடங்கியது. வில்லியம் டைலர் ஆல்காட் என்ற வழக்கறிஞரின் முயற்சி. உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று பலரும் அனுப்பிய கோடிக்கணக்கான எண்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. என் எண் மட்டும் தனியாக ஒன்றுக்கும் ஆகாது. எல்லாருடையதும் சேர்ந்தால் ஒரு கோடு தெரியும். பெட்டல்ஜியூஸின் அந்தக் கோட்டில் எங்கேயோ என் புள்ளிகளும் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அல்கோல். பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியும். வழக்கமாக 2.1. ஆனால் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி 3.4-க்கு இறங்கும், இறங்குவதும் ஏறுவதும் சேர்த்துச் சுமார் பத்து மணி நேரம். பக்கத்தில் எப்சிலான் பெர்சி 2.9-இல் நிற்கிறது. மற்ற நாளில் அல்கோலைவிட அது மங்கல். மங்கும் இரவில் அது பிரகாசம். இந்த ஒழுங்கைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஜான் குட்ரிக். சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர், எடின்பரோவில் காது கேளாதோருக்கான பள்ளியில் படித்தவர். 1782 நவம்பரில் அல்கோல் மங்குவதைப் பார்த்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஏதோ ஒரு இருண்ட பொருள் குறுக்கே போகிறதோ என்று அவர் ஊகித்தார். அது சரிதான் என்று உறுதியாக நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1783-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. இருபத்தொரு வயதில் இறந்துவிட்டார். பின்பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அதட்டும்முன் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு. ஒரு நொடிதான், அப்புறம் அதட்டிவிடுவேன்.

அல்கோலின் ஒரே தொல்லை அதன் நேர அட்டவணை. மங்கும் நேரம் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும்போது ஒவ்வொரு முறையும் 3 மணி 11 நிமிடம் முன்னால் வரும். பின்னிரவில் தொடங்கி முன்னிரவுக்கு நகர்ந்து, அப்புறம் பகலுக்குள் போய்த் தொலைந்துவிடும். நமக்கு வசதியாகக் கிடைப்பது இரண்டு மூன்று இரவு. இந்தச் சுற்றில் முதலாவது திங்கள் இரவு ஒன்றே முக்காலுக்கு. மறுநாள் முதல் பீரியட் எனக்கு இருப்பதால் அது வேண்டாம். அடுத்தது வியாழன் இரவு பத்தரை. அன்று சாயங்காலம் பெற்றோர் கூட்டம், எட்டு மணிக்கு முன் வீடு வர முடியாது. மூன்றாவது ஞாயிறு ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, அதற்குள் சரியாக இருட்டியிருக்காது. ஆக, வியாழன்தான். அன்று பையனைத் தூங்க வைக்க ஒப்புக்கொள்ள வேண்டுமானால் ஞாயிறு ஓட்டத்தோடு சனிக்கிழமை காலையும் சேர்த்து வேண்டும் என்கிறார் கணவர். அநியாய விலை. பெண்ணைக் கேட்டேன், அவள் அதைவிட அதிகம் கேட்கிறாள்.